மதகு எங்கே என்று யாரிடம் கேட்பது? யாழ்ப்பாணத்துச் சின்ன வீதிகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கம்

ஒழுங்கைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வலிகாமத்தில் ஒரு பிரதேச சபையில் ஒன்பது வருடமாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (டி.ஓ.) இருக்கிறேன். நெடுநாளாக மனதில் கிடந்ததை இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 கார்த்திகைக் கடைசியில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். என் பிரிவில் ஒரு ஒழுங்கைக்குள் ஐந்து நாள் வெள்ளம் நின்றது. அந்த ஒழுங்கைக்கு மூன்று வருடத்துக்கு முதல் கொங்கிறீற் போட்டது நான்தான். மதிப்பீட்டில் என் கையெழுத்து. 110 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 125 மில்லிமீற்றர் தடிப்பு. கொங்கிறீற்றின் பலம் பார்க்கிற கியூப் சோதனை சரியாக வந்தது. இன்றைக்கும் அதில் ஒரு வெடிப்பு இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஏழு வீட்டு முற்றங்களில் முழங்கால் அளவு தண்ணீர். கைக்குழந்தையோடு படியில் நின்ற ஒரு தங்கச்சி, "சேர், றோட்டுப் போட முதல் எங்களுக்கு இப்படி வரவில்லை" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் மூலை வீட்டுப் படலைக்குள் நின்ற ஒரு ஐயா கைத்தடியால் றோட்டைத் தட்டிக் காட்டினார். "தம்பி, இதுக்குக் கீழே ஒரு மதகு இருந்தது. இந்தப் பக்கத்துத் தண்ணி அதாலை அங்காலை போகும்." கரையில் தோண்டிப் பார்த்தோம். இரண்டடிக்குக் கீழே வெட்டின சுண்ணக்கல் பலகை தட்டுப்பட்டது. அதன் கீழே ஒன்றரை அடி அகலத்தில் கல்லால் கட்டிய கண், தண்ணீர் போகிற வழி. உள்ளே மண், தேங்காய் மட்டை, பிளாஸ்ரிக் போத்தல். மறுபக்கம் பற்றைக் காணிக்குள் ஒரு பள்ளம், அது நேரே குளத்துக்குப் போகிறது. அன்று பின்னேரமே கொங்கிறீற்றைக் குறுக்கே வெட்டி 450 மில்லிமீற்றர் குழாய் வைத்தோம். விடியும்போது முற்றங்கள் தெரிந்தன.

அந்த மதகைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் ஒரு வரி கிடையாது. எனக்கு முதல் இருந்தவர் இடமாற்றமாகிப் போனார், அவருக்கும் முதல் இருந்தவர் காலமாகிவிட்டார். அந்த ஐயா அன்றைக்குப் படலைக்கு வராமல் விட்டிருந்தால் இந்த மாரிக்கும் அதே வெள்ளம்தான்.

யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை, எல்லாமாக 17 உள்ளூராட்சி மன்றங்கள். ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஓரிருவர் இருப்பார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பது முன்னேற்ற மீளாய்வுக் கூட்டங்களில் மட்டும்தான். அங்கே எத்தனை வீதம் செலவாகிவிட்டது என்பதுதான் பேச்சு. தொழிற்சங்கம் இருக்கிறது, அது சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும். நான் கேட்பது வேறு. இந்தச் சின்ன வீதிகளையும் வாய்க்கால்களையும் பார்க்கிறவர்கள் தங்களுக்குள் கேட்டு அறிகிற, அறிந்ததை எழுதி வைக்கிற ஒரு தொழில்சார் சங்கம். அப்படி ஒன்று வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படி இருக்க வேண்டும்? உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

இணுவில் வாசி எழுதியது:

நான் பொறியியல் படித்தவன் இல்லை. ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற வீதி யாருடையது என்றே எங்களுக்குத் தெரியாது. சபைக்குப் போனால் மாகாணத்துடையது என்கிறார்கள், அங்கே போனால் சபைக்குரியது என்கிறார்கள். முதலில் அதை யாராவது சொல்லுங்களேன்.

நிலமட்டம் எழுதியது:

நான் சொல்கிறேன். ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கண்டி வீதியாகிய ஏ9, சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்குப் போகிற ஏ32 எல்லாம் அந்த வகை. சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. மிச்சமுள்ள உள் வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளுடையவை. நீளத்தில் மிகப் பெரிய பங்கு இந்தக் கடைசி வகைதான். பணத்திலும் ஆளிலும் மிகக் குறைந்த பங்கும் அதற்குத்தான்.

நான் மாகாண மட்டத்தில் வேலை செய்கிற பொறியியலாளர், பெண். ஒழுங்கைக்காரன் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். கொங்கிறீற்றில் நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்ற கேள்வி மதிப்பீட்டுப் படிவத்திலேயே இல்லை. இருந்திருந்தால் அயலில் நாலு பேரிடமாவது கேட்டிருப்பீர்கள்.

இதில் ஒன்றை எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான். குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றருக்குள். மழைத்தண்ணீர் குளத்துக்கும் கேணிக்கும் வயலுக்கும் போய், அங்கிருந்து சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, எங்கள் கிணற்றுக்கு வரவேண்டும். இவ்வளவு தட்டையான நிலத்தில் ஒரு றோட்டை நாலு அங்குலம் உயர்த்தினால் அது அணைக்கட்டு. ஒவ்வொரு திட்டத்திலும் பழைய றோட்டுக்கு மேலேயே ஒரு படை போடுகிறோம். மூன்று திட்டம் வந்து போனால் வீட்டு வாசல் றோட்டுக்குக் கீழே போய்விடுகிறது.

பழைய ஓவசியர் எழுதியது:

என் பேரன்தான் இதைத் தட்டித் தருகிறான். நான் 1974 இல் ஒரு கிராம சபையில் வேலைக்குச் சேர்ந்தவன், 2012 இல் ஓய்வு பெற்றேன்.

தம்பி கேட்ட கேள்விக்கு நான் வேறு பக்கத்தால் வருகிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீதித் தொழிலாளிக்கும் இன்ன இடத்தில் இருந்து இன்ன இடம் வரை என்று ஒரு துண்டு இருந்தது. புரட்டாதி முடிய முதல் அவன் தன் துண்டில் கரை வெட்டி, புல்லுச் செருக்கி, மதகுக் கண்ணுக்குள் கை விட்டுத் துப்புரவாக்கி வைப்பான். ஐப்பசியில் மழை இறங்கும்போது தண்ணீருக்கு வழி தெரியும். எந்த மதகு எங்கே என்று வரைபடத்தில் பார்க்க வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை. அந்தத் தொழிலாளிக்குத் தெரியும். அவன் இளைப்பாறுகிறபோது தன் துண்டை அடுத்தவனுக்கு நடந்து காட்டிவிட்டுத்தான் போவான்.

பிறகு 1981 இல் கிராம சபை, பட்டின சபை எல்லாம் போய் மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. 1988 இல் பிரதேச சபை வந்தது. ஒவ்வொரு தடவையும் அலுமாரிகள் இடம் மாறின, மாறும்போது கொஞ்சம் கடதாசி தொலைந்தது. மிச்சம் 1995 இல். ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கப் போரில் இடம்பெயர்ந்து செம்மணி வெளியால் நடந்தபோது நான் கொண்டு போனது இரண்டு பிள்ளைகளையும் ஒரு சூட்கேசையும். எங்கள் அலுவலகத்தில் துணியில் ஒட்டின வீதிப் படச்சுருள் பதினொன்று இருந்தது, மதகுகள் சிவப்பு மையில் குறித்திருக்கும். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சிவப்புக் கோடுகள் தெரிகின்றன.

எனக்கு வயது எழுபத்து மூன்று. என்னோடு வேலை செய்தவர்களில் நாலு பேர்தான் மிச்சம். சங்கமோ என்னவோ, செய்கிறதைக் கெதியாகச் செய்யுங்கள்.

ஒழுங்கைக்காரன் எழுதியது:

ஐயா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உங்களை எப்படியாவது சந்திக்க வேண்டும். தனிமடலில் எழுதுகிறேன்.

ஸ்காபரோ வேலணையான் எழுதியது:

நான் வேலணை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு நகரசபையில் வீதிப் பராமரிப்பில் 19 வருடம். அங்கத்தையும் இங்கத்தையும் ஒப்பிடுவதற்காக எழுதவில்லை, இங்கே பனி, அங்கே வெள்ளம், பணமும் வேறு. ஆனால் சங்கம் என்ற விடயத்தில் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஒன்ராறியோவில் நல்ல வீதிகள் சங்கம் என்று ஒன்று 1894 இல் தொடங்கியது. அதில் உறுப்பினர்கள் நகரசபைகளே. வீதி வேலை செய்கிறவர்களுக்கு வருடா வருடம் பள்ளிக்கூடம் மாதிரி வகுப்பு நடத்துகிறார்கள். அதற்குப் பக்கத்தில் வீதி மேற்பார்வையாளர்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் 1961 இல் வந்தது. அது சான்றிதழ் தருகிறது, படிப்பையும் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்து. எங்கள் ஃபோர்மன் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழோடு அவர் ஒன்று சொன்னால் பொறியியலாளர் குறித்துக்கொள்வார்.

இன்னொன்று. இங்கே மாகாணத்தில் ஆகக் குறைந்த பராமரிப்புத் தரம் என்று ஒரு ஒழுங்குவிதி இருக்கிறது, 2002 இல் வந்தது. வாகன எண்ணிக்கையையும் வேகத்தையும் வைத்து வீதியை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு வீதியில் 1000 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் 8 சென்ரிமீற்றர் ஆழமும் தாண்டின குழி என்றால், தெரியவந்து ஏழு நாளுக்குள் மூட வேண்டும். நாலாம் வகுப்பு என்றால் 14 நாள், ஐந்தாம் வகுப்பு என்றால் 30 நாள். அந்தத் தரத்தைக் காப்பாற்றினோம் என்று பதிவேடு காட்டினால் நகரசபை மேல் வழக்கு நிற்காது. அதனால் நாங்கள் பதிவேடு எழுதுகிறோம், ஒவ்வொரு நாளும், வண்டியை விட்டு இறங்க முதல். எங்களுக்குப் பதிவேடு ஒரு கவசம். அங்கே உள்ள பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு கவசம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இணுவில் வாசி எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு பயம் இருக்கிறது, வெளிப்படையாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சங்கம் என்றால் முதலில் தலைவர், செயலாளர், பொருளாளர். பிறகு ஆண்டு விழா, மங்கள விளக்கு, பொன்னாடை, மலர் வெளியீடு. மூன்றாம் வருடம் இரண்டு சங்கம். இதை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். இவ்வளவு நல்ல நோக்கம் அப்படிப் போய்விடக் கூடாது. கட்டடம், பதவி எல்லாம் வர முதல் ஒரு வேலையைச் செய்து காட்டுங்கள், நாங்கள் பின்னால் நிற்போம்.

கலவைக்காரன் எழுதியது:

நான் சின்ன ஒப்பந்தகாரன், ஒழுங்கைக் கொங்கிறீற் வேலைதான் கூட. எனக்குச் சங்கம் ஏன் வேண்டுமென்றால், போன வருடம் மூன்று சபைகளில் வேலை செய்தேன். ஒருவர் 3 மீற்றருக்கு ஒரு மூட்டு (வெடிப்பு நேராக விழக் குறுக்கே போடுகிற வெட்டு) வெட்டச் சொன்னார். அடுத்தவர் 5 மீற்றர் என்றார். மூன்றாமவர் மூட்டே வேண்டாம், பார்க்க வடிவில்லை என்றார். மூன்றும் ஒரே 125 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரே கலவை. மூட்டு வெட்டாத றோட்டு வைகாசி வெயிலுக்குத் தானே மூட்டுப் போட்டுக்கொண்டது, கோணல்மாணலாக. பழி என் தலையில்.

எது சரி என்று தயவுசெய்து யாராவது சொல்லுங்கள். நான் அப்படியே செய்கிறேன்.

நிலமட்டம் எழுதியது:

கம்பி போடாத தளத்துக்கு மூட்டுக்கு மூட்டு இடைவெளி தடிப்பின் 24 மடங்கு என்று ஒரு கைக்கணக்கு இருக்கிறது. 125 மில்லிமீற்றருக்கு 3 மீற்றர் வரும். வெட்டு ஆழம் தடிப்பில் காற்பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு. கொங்கிறீற் இறுகத் தொடங்கி, வெடிக்க முதல், அடுத்த நாளுக்குள் வெட்டிவிட வேண்டும். ஏழு நாள் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும், எங்கள் காற்றுக்கு அது இன்னும் முக்கியம். சரிவும் பாருங்கள். 3 மீற்றர் ஒழுங்கையில் ஒரு பக்கமாக 2.5 வீதச் சரிவு என்றால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் 75 மில்லிமீற்றர் வித்தியாசம். பலகை அடிக்கும்போதே அதைப் பிடித்துவிட வேண்டும், பிறகு கரண்டியால் சரிக்கட்ட முடியாது. எந்தப் பக்கம் சரிப்பது என்பதை வாய்க்கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் புதிய அறிவு இல்லை. வீதிகள், பாலங்களுக்கான நியம விவரக்கூற்று 2009 இல் இரண்டாம் பதிப்பாக வந்தது. அது ஆங்கிலத்தில் தடித்த புத்தகம், நெடுஞ்சாலையையும் பாலத்தையும் மனதில் வைத்து எழுதியது. 110 மீற்றர் ஒழுங்கைக்கு அதில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? இந்தியாவில் 1934 இல் தொடங்கிய இந்திய வீதிகள் காங்கிரஸ் இருக்கிறது. பொறியியலாளர்கள் கூடிப் பேசுகிற சங்கம்தான் அதுவும். ஆனால் கூடிப் பேசியதைக் கோவைகளாக எழுதி வெளியிட்டார்கள், கிராமிய வீதிகளுக்கென்றே ஒரு தனிக் கைநூல் போட்டார்கள். எங்கள் சங்கமும் அப்படி ஏதாவது எழுதி வைக்க வேண்டும். தமிழில் நாற்பது பக்கம், சட்டைப் பையில் வைக்கிற அளவு, மேசனும் ஒப்பந்தகாரரும் வாசிக்கக்கூடியதாக.

உறுப்புரிமை பற்றி என் யோசனை: பதிவு பெற்ற பொறியியலாளர்கள் முழு உறுப்பினர், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் இணை உறுப்பினர். அப்படி இருந்தால்தான் மேலிடத்தில் ஒரு மதிப்பு இருக்கும்.

தென்மராட்சி டி.ஓ. எழுதியது:

இவ்வளவு நேரமும் சந்தோசமாக வாசித்துக்கொண்டு வந்தேன் அக்கா. அந்தக் கடைசிப் பந்தியில் மனம் விட்டுப்போனது.

எங்கள் சபையில் பொறியியலாளர் என்று ஒரு கதிரையே இல்லை. அளப்பது நாங்கள், மதிப்பீடு போடுவது நாங்கள், வெயிலில் கொங்கிறீற்றுக்குப் பக்கத்தில் நிற்பது நாங்கள், கணக்காய்வு வந்தால் பதில் சொல்வதும் நாங்கள். பொறியியலாளர்களுக்கு 1906 இல் தொடங்கின நிறுவனம் கொழும்பில் இருக்கிறது, மாநாடு இருக்கிறது, சஞ்சிகை இருக்கிறது. எங்களுக்கு என்று கேட்க ஒரு இடமும் இல்லாததால்தானே இந்த இழையே தொடங்கியது. அங்கேயும் எங்களை வாசல் படியில் இருத்தினால் நான் வரவில்லை. 2017 இன் பொறியியல் பேரவைச் சட்டம்கூடப் பட்டயப் பொறியியலாளரில் இருந்து தொழில்நுட்பவியலாளர் வரை எல்லோரையும் ஒரே பதிவேட்டுக்குள் கொண்டுவரத்தானே வந்தது.

பழைய ஓவசியர் எழுதியது:

பிள்ளைகளே, சண்டை பிடிக்காதீர்கள். மதகுக்குள் கை விட்டவனையும் சேருங்கள், அதை மட்டும் சொல்கிறேன். தொழிலாளிகளில் இன்னும் இருக்கிறவர்களைச் சொல்கிறேன்.

நிலமட்டம் எழுதியது:

தென்மராட்சித் தம்பி, நீங்கள் சொல்வது சரி. நான் மேலிடத்தைப் பார்த்து யோசித்தேன், அது பிழை. என் முதல் வேலைத்தளத்தில் சல்லியையும் கல்லுத்தூளையும் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்லித் தந்ததே ஒரு டி.ஓ. ஐயாதான். இங்கத்துச் சுண்ணக்கல் சல்லி சக்கரத்துக்குக் கீழே எப்படி மாவாகும் என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வன்னியில் இருந்து கருங்கல் ஏற்றி வருவதற்கு ஏன் அவ்வளவு காசு கொடுக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே வகை உறுப்புரிமை, சின்ன வீதியில் வேலை செய்கிற எவருக்கும்.

தென்மராட்சி டி.ஓ. எழுதியது:

நன்றி அக்கா. நான் வருகிறேன்.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

வணக்கம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருடம். ஊர் கரவெட்டி. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மதகுகளைக் கைபேசியால் இடம் குறித்து, இலவச மென்பொருளில் வரைபடமாகப் போட்டுத் தரலாம். ஒரு மதகுக்கு ஒரு புள்ளி, படம், அளவு, தண்ணீர் போகிற திசை. இடம் சில மீற்றர் பிசகும், அது பரவாயில்லை, அருகில் போனால் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் உயரம் கைபேசியில் எடுக்க முடியாது. அது மீற்றர் கணக்கில் பிழைக்கும். நிலமட்டம் அக்கா சொன்ன மாதிரி இங்கே நாலு அங்குலம்தான் எல்லாம். மட்டம் பார்க்கும் கருவி எங்கள் பீடத்தில் இருக்கிறது, வெளியே கொண்டு போக அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு வேறு வழி யாருக்காவது தெரியுமா?

பழைய ஓவசியர் எழுதியது:

பிள்ளை, கருவி ஏன்? இருபது மீற்றர் வெள்ளைக் குழாய் வாங்கு, உள்ளே தண்ணீர் தெரிய வேண்டும். தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழ் எல்லாம் போக விடு. ஒரு நுனியை மதகடியில் ஒரு தடியில் கட்டு, மற்ற நுனியை வாய்க்கால் கரையில் இன்னொரு தடியில் பிடி. இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிலத்தில் இருந்து அந்த மட்டம் எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் அள, கழித்துப் பார். மேசன்மார் வீடு கட்டுவது இப்படித்தான். கிராம சபைக் காலத்தில் ஒரு முழு வாய்க்காலை இப்படி இருபது இருபது மீற்றராகப் பிடித்துக் கொண்டு போயிருக்கிறோம், ஒரு பகல் போதும். குமிழ் மட்டும் இருக்கக் கூடாது, இருந்தால் பொய் சொல்லும்.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

ஐயா, இன்றைக்குப் பின்னேரம் விடுதிக்குப் பின்னால் செய்து பார்த்தோம். குழாயை வெயிலில் விரித்துவிட்டு நிரப்பினால் குமிழ் சுலபமாகப் போகிறது. கருவியோடு ஒப்பிட்டோம், 20 மீற்றரில் 3 மில்லிமீற்றர் வித்தியாசம். எங்கள் விரிவுரையாளரும் வந்து நின்று பார்த்தார்.

வடமராட்சிக் கடற்கரை எழுதியது:

நானும் சபை உத்தியோகத்தர், பெயர் வேண்டாம். எல்லாம் நல்ல விடயம், ஒரு எச்சரிக்கை. அரச ஊழியருக்கான விதிகளாகிய தாபனக் கோவைப்படி அலுவலகத் தகவலை அனுமதி இல்லாமல் நாங்கள் வெளியே கொடுக்க முடியாது. மதகு வரைபடத்தைப் பொதுவில் போட்டுவிட்டு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தால் யார் துணைக்கு வருவது? இன்னொரு பக்கம், 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே தகவலை யாரும் கேட்டுப் பெறலாம். செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, சபையின் பெயரிலேயே செய்தால் பாதுகாப்பு. பிரதி சபையிலும் இருக்கட்டும், உள்ளூராட்சி உதவி ஆணையாளர் அலுவலகத்திலும் இருக்கட்டும், சங்கத்திலும் இருக்கட்டும். மூன்று இடத்தில் இருந்தால்தான் அலுமாரி மாறும்போது தொலையாது.

ஒழுங்கைக்காரன் எழுதியது:

மிக நல்ல யோசனை. எங்கள் செயலாளரிடம் பேசினேன், கடிதம் தரச் சொன்னார், கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், இதுதான் என்னை இரவில் நித்திரை கொள்ள விடாதது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமலே ஓடியது. இப்போது உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள், சனத்தின் குரல் சபைக்குள் கேட்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் வீதிக்கு வருகிற பணத்தை வட்டாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு வட்டாரத்துக்கு நூறு மீற்றர் வரும். நூறு மீற்றருக்குள் வாய்க்காலுக்கும் மதகுக்கும் காசு மிஞ்சாது, கொங்கிறீற் மட்டும் போடலாம். தண்ணீருக்கு வட்டார எல்லை தெரியாது. மேல் வட்டாரத்தில் போட்ட நூறு மீற்றர் கீழ் வட்டாரத்து முற்றத்தில் வெள்ளமாக இறங்குகிறது. இதை நான் ஒருத்தன் கூட்டத்தில் எழுந்து சொன்னால், "உத்தியோகத்தர் வேலை செய்ய விருப்பமில்லாமல் காரணம் சொல்கிறார்" என்பார்கள். 17 மன்றங்களிலும் உள்ளவர்கள் சேர்ந்து, முதலில் தண்ணீர், பிறகு றோட்டு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் அது ஒரு தொழிலின் வார்த்தையாகிவிடும். உறுப்பினர்களில் பலர் நல்லவர்கள், விளங்கப்படுத்தினால் கேட்பார்கள். அதை ஒருவன் தனியாக நின்று சொல்ல வேண்டியிருக்கக் கூடாது, அதுதான் எனக்கு வேண்டியது.

ஸ்காபரோ வேலணையான் எழுதியது:

அந்தத் தாளை எழுதுங்கள் தம்பி. கைநூல் அச்சடிக்கிற செலவை இங்கே நாங்கள் சிலர் பார்த்துக்கொள்கிறோம். பின்னட்டையில் யார் பெயரும் போட வேண்டாம். வெறும் பக்கமாக விடுங்கள், வேலைத்தளத்தில் குறிப்பு எழுத உதவும்.

இணுவில் வாசி எழுதியது:

தலைவர் யார் என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு இப்போது நம்பிக்கை வருகிறது. எங்கள் ஒழுங்கையில் எண்பது வயதுக்கு மேல் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுகிற வேலையை நான் எடுக்கிறேன். அதற்குப் பொறியியல் தேவையில்லைத்தானே?

நிலமட்டம் எழுதியது:

தேவையில்லை. கேட்கும்போது மூன்று கேள்வி போதும் அண்ணை. மாரியில் எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், முந்தி அது எங்கே போனது, எப்போதில் இருந்து போகவில்லை. 2008 நிசாப் புயலையும் 2020 புரெவியையும் சொல்லிக் கேளுங்கள். "எப்போது" என்று வெறுமனே கேட்டால் யாருக்கும் நினைவு வராது. அந்த வெள்ளத்தில் எந்தப் படி வரை வந்தது என்றால் சுவரிலேயே தொட்டுக் காட்டுவார்கள்.

ஒழுங்கைக்காரன் எழுதியது:

எழுத்தில் அனுமதி வந்துவிட்டது. ஒரு மதகுக்கு ஒரு அட்டை என்று எழுதத் தொடங்கி, முதல் அட்டையை நேற்று நிரப்பினோம். நான், தென்மராட்சித் தம்பி, அறிவியல்நகரில் இருந்து மூன்று மாணவிகள், கலவைக்காரன் அண்ணை தன் ஆட்கள் இருவரோடு. அட்டையில் உள்ளதை அப்படியே போடுகிறேன்:

அட்டை 1. சுண்ணக்கல் மதகு, ஒரு கண். அகலம் 460 மில்லிமீற்றர், உயரம் 380. மூடு பலகை நாலு, ஒன்று உடைந்திருக்கிறது. இப்போது பக்கத்தில் 450 மில்லிமீற்றர் குழாய் வைத்திருக்கிறது. தண்ணீர் கிழக்கில் இருந்து மேற்கே, குளத்துக்கு. மதகு அடியில் இருந்து குளக்கரை வாய் வரை 140 மீற்றர், இறக்கம் 210 மில்லிமீற்றர், தண்ணீர்க் குழாயால் பார்த்தது, இரண்டு தடவை. வழியில் தடை: ஒரு மதில், அடியில் துவாரம் இல்லை. சொன்னவர்: மூலை வீட்டு ஐயா.

மதில்காரரிடம் போய்ப் பேசினோம். ஒரு கல் வரிசையைக் கழற்றித் துவாரம் விட ஒத்துக்கொண்டார். சீமெந்து கலவைக்காரன் அண்ணை தருகிறார்.

அடுத்த அட்டை பழைய ஓவசியர் ஐயாவின் ஊரில். ஐயா, உங்களுக்கு நடக்க ஏலுமென்றால் மட்டும் வாருங்கள், இல்லையென்றால் பேரனிடம் சொல்லி விடுங்கள்.

பழைய ஓவசியர் எழுதியது:

ஏலும் தம்பி. சனிக்கிழமை காலமை ஆறரைக்கு வைரவர் கோவிலடியில் நிற்கிறேன், வெயில் ஏற முதல் பார்த்துவிடலாம். மண்வெட்டி ஒன்று கொண்டு வா. அந்த ஒழுங்கையில் இரண்டு மதகு, ஒன்று எல்லோருக்கும் தெரியும். மற்றதுக்கு மேற்கே ஒரு புளியமரம் நின்றது, இப்போது இல்லை, ஆனால் அடிக்குற்றி கிடக்கும். அதில் இருந்து ஒன்பது கவடு.